ஹப்புக்குள் வைத்த கிரீஸ்

அந்தச் சைக்கிள் எங்கள் கடைக்கு வந்த அன்றே எனக்குப் பயம் ஆரம்பித்துவிட்டது. பொங்கல் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். ஏரியில் பூநாரைகள் நிறைய இறங்கியிருந்த சமயம்.

எங்கள் சைக்கிள் கடை ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவுக்குப் போகிற வழியில் இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு சாக்குப் படுதா. படுதாவுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்காரர். பஞ்சர் ஒட்டுவது, காற்று அடிப்பது, வருகிறவர்களோடு பேசுவது எல்லாம் அவர். இந்தப் பக்கம் நான். ஸ்போக் கம்பி கோர்த்து வீல் கட்டுவது, பெண்டு எடுப்பது, ஹப்பைப் பிரித்துக் கிரீஸ் அடைப்பது என் வேலை. கல்யாணமாகி இரண்டு மூன்று வருடத்தில் இப்படி ஆகிவிட்டது. அவருக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து முப்பத்தாறு கம்பியைக் கோர்க்கப் பொறுமை கிடையாது. எனக்கு ஆள் முன்னால் வாய் திறக்க வராது. யாராவது வந்து, "வீலு அம்சமா ஓடுது நைனா" என்று சொன்னால் அவர், "பின்ன இன்னா நெனச்ச?" என்பார். அது எனக்குக் கேட்கும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. அவர் கையில்தான் வீல் ஆகிறது என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

சைக்கிளைக் கொண்டுவந்தவர் பறவை எண்ணுகிற மேடம். நாற்பது வயது இருக்கும். ஒரு கல்லூரிக்காக ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பறவைகளை எண்ணி எழுதுகிறவர். தோணிரேவில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தார். கரைமேட்டிலும் சேற்றுப் பாதையிலும் தனியாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தலையில் தொப்பி, முதுகில் பை. பேசினதில்லை.

"ஐயா, இது கிராவல் பைக்கு. இதுல ஒரு வேலை இருக்கு."

"கிராவல் லாரி தெரியும் மேடம். கிராவல் அடிச்ச ரோடு தெரியும். சைக்கிள்லயுமா கிராவலு?"

மேடம் சிரித்தார். "அந்த ரோட்டுல ஓட்டத்தான் இது. பின்னாடி தொங்குது பாருங்க, இந்தக் கியரு. மூணு தடவை மாத்திட்டேன். உப்புச் சேறு தின்னுடுது. வேலிக்காத்தான் குச்சி மாட்டினா வளைஞ்சிடுது. அதனாலதான் இதை வாங்கிட்டு வந்தேன்."

படுதாவின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். துணிப்பையிலிருந்து ஒரு ஹப்பை எடுத்துப் பலகைமேல் வைத்தார். நம் ஊர் சைக்கிள் ஹப்பு மாதிரி ஒல்லியாக இல்லை. நடுவில் மாங்காய்ப் பருமனில் இருந்தது. அச்சின் ஒரு முனையில் துவாரம், அதிலிருந்து மூக்குத்திச் சங்கிலி போல ஒரு சின்னச் சங்கிலி வெளியே தொங்கியது.

"மூணு கியரும் இதுக்குள்ளயே இருக்கு. வெளிய கியர் ஒண்ணும் தொங்காது. பழைய சாமான் மார்க்கெட்ல வாங்கினேன், ஓடின சாமான்தான். உங்களால மாட்ட முடியுமா?"

"நம்மகிட்ட வந்துட்டீங்க இல்ல? உட்ருங்க."

"சனிக்கிழமை விடியறதுக்குள்ள கெளம்பணும். சுண்ணாம்புக்குளம் வழியா எளாவூர் போய், ஒரு டீ குடிச்சிட்டு, பெரிய ரோடு பிடிச்சு ஆந்திரா பக்கம் போறேன். அங்க ஞாயித்துக்கிழமை கணக்கெடுப்பு."

"வெள்ளிக்கெழம மத்தியானம் வந்து எட்த்துக்குங்க."

அன்று புதன்கிழமை. எங்கள் வீட்டுக்காரர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். மேடம் போனதும் ஹப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து என் மடியில் வைத்தார்.

"இன்னாங்க இது, எனக்கு ஒன்னும் புரியலியே."

"எனக்கு மட்டும் புரிஞ்சிச்சா? வீலு வீலுதானமே. கோத்துடு."

கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். டிக் டிக் டிக் என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. சங்கிலியை லேசாக இழுத்துச் சுற்றினால் சத்தம் மாறியது. உள்ளே என்னென்னமோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. பெரிய ரோடு என்று அந்த அம்மா சொன்னதே காதில் நின்றது. எளாவூரில் லாரிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். செக்போஸ்டைத் தாண்டினதும் பூட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடும். அந்த ரோட்டில் ஒரு பொம்பளை, நான் கோர்த்த வீலில்.

இரண்டு நாளும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பழைய வீலைப் பிரித்து, ரிம்மை மட்டும் எடுத்துக்கொண்டேன். ரிம்மில் முப்பத்திரண்டு ஓட்டை, ஹப்பிலும் முப்பத்திரண்டு. இருமுறை எண்ணினேன், மூன்றாம் முறை புளியங்கொட்டை வைத்து எண்ணினேன். ஹப்பு பருமன் என்பதால் பழைய கம்பி நீளம் அதிகம். மேடமே குட்டைக் கம்பியாகக் கட்டு கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு கம்பி மூன்று கம்பிகளைத் தாண்டிக் குறுக்கே போகிற மாதிரி கோர்த்தேன். அது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே வரும். ஆனாலும் கோர்த்ததை ஒருமுறை பிரித்து மறுபடி கோர்த்தேன். பெண்டு எடுத்து முடித்தபோது ரிம் ஒரு முடி அகலம்கூட ஆடவில்லை.

அச்சு தானாகச் சுழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளப் பல் வைத்த வாஷர் இரண்டு இருந்தன. அதைச் சைக்கிள் சட்டத்தில் அச்சு உட்காருகிற வாயில் எப்படி வைப்பது என்பதை எங்கள் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார், ஒத்துக்கொள்ள வேண்டும். பின்னால் செயின் தொளதொளவென்று தொங்கியது. இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் கை ஒன்றை மேடம் கொடுத்திருந்தார், அதையும் அவரே பொருத்தினார். கியர் மாற்றுகிற கட்டைவிரல் லீவரைக் கைப்பிடியில் போட்டு, கம்பியை இழுத்து, அந்த மூக்குத்திச் சங்கிலியோடு சேர்த்தார். இதெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில்.

தப்பு நடந்தது அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை. அதை நான்தான் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் எந்தச் சைக்கிள் வந்தாலும் முதலில் ஹப்பைப் பிரிப்போம். ஏரித் தண்ணீர் ஏறின ஹப்பு ஒரு வாரத்தில் துருப்பிடித்துச் செத்துப்போகும். அதனால் படகு எஞ்சினுக்குப் போடுகிற கெட்டிக் கிரீஸை உள்ளே ஒரு நூல் இடம்கூட விடாமல் அடைப்போம். தண்ணீருக்கு உள்ளே நிற்க இடமே இருக்கக் கூடாது. சைக்கிளில் மீன் கூடை கட்டி விற்கிறவர்கள் அதற்காகவே எங்கள் கடைக்கு வருவார்கள். நான் அடைத்த ஹப்பு வருடக் கணக்கில் ஓடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த ஹப்பின் ஓரத்தில் விரலால் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி ஓர் எண்ணெய். இதை வைத்துக்கொண்டா அந்த அம்மா சேற்றில் போவார் என்று தோன்றியது. ஓரத்தில் இருந்த வளையத்தின்மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு குறி போட்டுக்கொண்டு, சின்ன உளியை வைத்துத் தட்டித் திறந்தேன். உள்ளிருந்ததெல்லாம் அச்சோடு சேர்ந்து ஒரே கொத்தாக வந்துவிட்டது. பல்சக்கரத்துக்குள் பல்சக்கரம். ஓரங்களில் பூனை நகம் போலச் சின்னச் சின்னக் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் முடி மாதிரி ஸ்பிரிங். அழகாக இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மேடம் கடை வாசலில் வந்து நின்றார். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டுப் போக வந்தாராம்.

"உள்ள நடந்துகினே கீது மேடம்" என்றார் இவர்.

நான் கையில் கொத்தை வைத்துக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் நின்றேன். இதற்கு எண்ணெயா, கிரீஸா? அந்த ஒரே கேள்விதான். இரண்டடி எடுத்து வைத்துப் படுதாவை விலக்கினால் கேட்டிருக்கலாம். வாய்க்குள் சொல்லிக்கூடப் பார்த்தேன். மேடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார், இவர் கொடுத்தார், வெயிலைப் பற்றி ஏதோ பேசினார்கள், செருப்புச் சத்தம் போய்விட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பிறகு நானே முடிவு பண்ணிக்கொண்டேன். ஹப்புக்குக் கிரீஸ், பிரீவீலுக்கு எண்ணெய். எங்கள் தொழிலில் இதுதான் கணக்கு. மிதிக்காதபோது பின் சக்கரத்தில் டிக் டிக் என்று சத்தம் போடுமே, அதுதான் பிரீவீல். அதற்குள் இருக்கிற கொக்கி எழுந்து எழுந்து விழ வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் எண்ணெய். இதுவோ ஹப்பு. மேடமும் ஹப்பு என்றுதான் சொன்னார். ஆகவே கிரீஸ். பூனை நகம் ஒவ்வொன்றின் அடியிலும் விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தேன். என் மனதுக்கு நல்லது செய்கிறோம் என்றே இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நல்ல வெயில். மேடம் வந்து ஓட்டிப் பார்த்தார். கரைமேடு வரைக்கும் போய்த் திரும்பினார். மூன்று கியரும் விழுந்தன.

"சத்தமே இல்லீங்க ஐயா! வாங்கும்போது டிக் டிக்குன்னு இருந்துச்சே."

"நம்ம வேல மேடம். வெண்ண மாதிரி ஓடும்."

சத்தம் இல்லை என்று சொன்னதும் எனக்குள் ஏதோ ஒன்று தட்டியது. ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. சந்தோஷமாகத்தானே சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நல்ல பனி. ஏழு மணி இருக்கும், வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். நண்டு விற்கிறவர் ஒருவர் எங்கள் கடை வழியாகத் தினமும் போவார். கூடையைக் கட்டிக்கொண்டு மிதிக்காமல் சும்மா உருட்டிக்கொண்டே வந்தார். டிக் டிக் டிக் டிக் என்று அவர் வண்டி என்னைத் தாண்டிப் போனது.

துடைப்பம் கையிலேயே இருந்தது. அந்தச் சத்தம் பிரீவீல் கொக்கியின் சத்தம். ஹப்பு வந்த அன்று என் கையில் போட்டதும் அதே சத்தம். அப்படியானால் அந்த ஹப்புக்குள்ளேயே பிரீவீல் இருக்கிறது. பூனை நகம் என்று நான் நினைத்தது எல்லாம் அந்தக் கொக்கிதான். நேற்று வெயிலில் கிரீஸ் இளகி இருந்ததால் ஓடியிருக்கிறது. இந்தப் பனியில் கெட்டிப்பட்டால் கொக்கி எழும்பாது. எழும்பாவிட்டால் மிதிக்கிறபோது பிடிப்பு இல்லாமல் பெடல் சரேலென்று சுற்றிவிடும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிறவர்கள் அப்படியே முன்னால் போய் விழுவார்கள். பின்னால் லாரி வரும்.

எங்கள் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"காலங்காத்தால இன்னாமே உளர்ற? நேத்து ஓட்டிக் காட்னாங்களே."

"நேத்து வெயிலு. இன்னிக்குப் பனி. அந்தம்மா விழுந்துடும்ங்க."

"நீ எதுக்கு அத்தத் தொறந்த? உன்னிய யாரு தொறக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. போன் போடுங்க."

போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைப் பைக்குள் போட்டுவிடுவாராம். இன்னொரு தரம் போட்டார். பிறகு தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. ஏரியோரம் அப்படித்தான், சிக்னல் வரும், போகும். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. போன் நசுங்கிக் கிடப்பது போலத் தோன்றியது.

"வண்டிய எடுங்க" என்றேன்.

அவர் வாயில் நுரையோடு என்னைப் பார்த்தார். அதுவரைக்கும் நான் அவரிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

உளி, சுத்தியல், இரண்டு ஸ்பேனர், பழைய துணி, தையல் மிஷின் எண்ணெய் புட்டி. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் தரையைத்தான் பார்த்தேன். பள்ளங்களில் ஈரமாக இருந்த இடத்தில் அந்த டயரின் தடம் பதிந்திருந்தது. தடம் நேராகப் போகிற வரைக்கும் மூச்சு வந்தது. சுண்ணாம்புக்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மதகு, சின்ன ஏற்றம். அங்கே தடம் கோணலாக வளைந்து, ஓரத்துப் புல் நசுங்கி இருந்தது. அதற்கப்பால் டயர் தடத்தோடு செருப்புத் தடமும் சேர்ந்தே போனது.

"எறங்கித் தள்ளிகினு போயிருக்காங்க" என்றார். மொபெட்டின் வேகம் கூடியது.

சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கடையில் விசாரித்தோம். தொப்பி போட்ட அம்மா கொஞ்ச தூரம் ஓட்டினார், கொஞ்ச தூரம் தள்ளினார், எளாவூர்ப் பக்கம் போனார் என்றார்கள். வெயில் ஏற ஏறக் கிரீஸ் இளகும், சரியாகிவிட்டது என்று நினைத்து அவர் பெரிய ரோட்டில் ஏறிவிடுவார். எனக்கு அந்த நினைப்புதான் பெரிய பயமாக இருந்தது.

எளாவூரில் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமே ஒரு டீக்கடை. சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. மேடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு முழங்காலில் பேண்ட் கிழிந்து, தோல் வழன்று, ரத்தம் காய்ந்திருந்தது. போனில் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல கண்டிஷன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? மேட்டுல மிதிக்கறேன், திடீர்னு பெடல் விட்டுடுச்சு. குப்புற விழுந்தேன். இதே பெரிய ரோடா இருந்தா என்ன ஆயிருக்கும்?"

ஹப்பை விற்றவரிடம் பேசுகிறார் என்று புரிந்தது. எங்களைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். "ஐயா! நீங்க எங்க இங்க?"

எங்கள் வீட்டுக்காரர் மொபெட்டை நிறுத்தாமலே ஆரம்பித்தார். "சாமான் பழசு இல்ல மேடம். செகண்டேண்டு. உள்ள தேஞ்சு போயிருக்கும். நமக்கு அப்பவே டவுட்டுதான்..."

டீக்கடையில் ஏழெட்டுப் பேர். லாரி ஓட்டுகிறவர்கள், கிளீனர்கள். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்வதை மேடம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம், நான்தான் ஏமாந்துட்டேன் என்றார். ஒரு பாவமும் அறியாத வியாபாரி ஒருவர் எங்கேயோ திட்டு வாங்கியிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. கொஞ்சம் வெயில் ஏறியதும் ஹப்பு பிடித்துக்கொள்ளும், இந்த அம்மா மறுபடியும் ஏறிவிடுவார்.

"அம்மா, அது கெட்ட சாமான் இல்ல" என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நல்ல சாமாந்தான். நாந்தான் உள்ள கிரீஸ அடைச்சிட்டேன். எண்ணெ விட வேண்டிய எடம் அது."

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "நீங்க இல்லியா? இவங்களா தொறந்தாங்க?"

எங்கள் வீட்டுக்காரர் திரும்பி மொபெட்டை ஸ்டாண்டில் போட்டார்.

"அப்போ வீல் கோத்தது?"

"அதுவும் நாந்தான்."

மேடத்துக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. நான் வியாழக்கிழமை வந்து அங்கயே நின்னேனே. லாரி பின்னாடி வந்திருந்தா நான் இப்ப உங்ககூட பேசிட்டு இருக்க மாட்டேன்."

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது. கேட்க வந்தேன், வாய் வரவில்லை என்று அங்கே நின்று சொன்னால் அது ஒரு காரணமா? அவர் முழங்காலைப் பார்த்தேன். அதற்குமேல் நிமிர முடியவில்லை.

டீக்கடையில் ஒரு சாக்கு வாங்கித் தரையில் போட்டு உட்கார்ந்து வீலைக் கழற்றினேன். கிரீஸைக் கழுவ மண்ணெண்ணெய் இல்லை. லாரிக்காரர் ஒருவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா ஆயா, இஞ்சினு எறக்குறியா?"

"கழுவணும் நைனா. கொஞ்சம் டீசலு கெடைக்குமா?"

"அட, நம்ம வண்டி ஓவராயிலுக்கே இந்த ஆயாவக் கூட்டினு போலாம் போலக்கீதே!" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவரே ஒரு பிஸ்கட் டப்பாவில் டீசல் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார். "கையப் பாத்து. எதுனா ஒடஞ்சு போச்சுன்னா மட்டும் எங்கிட்ட கேக்காத" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே குந்திக்கொண்டார்.

வெள்ளைக் குறியைப் பார்த்து வளையத்தைத் தட்டித் திறந்தேன். கொத்து வெளியே வந்தது. நான் அடைத்த கிரீஸ் அப்படியே மஞ்சளாக, குளிர்ந்து, மெழுகு போல நின்றது. பூனை நகம் ஒன்றுகூட அசையவில்லை. விரலால் தூக்கினால் தூக்கின இடத்திலேயே நின்றது. மேடமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். தப்பு எங்கே என்று அவருக்கே தெரிந்தது.

ஒவ்வொன்றாகக் கழுவித் துணியில் வைத்தேன். கடைசிக் கொக்கியைத் துடைக்கும்போது அதன் ஸ்பிரிங் தெறித்துவிட்டது. முடியளவு ஸ்பிரிங், ரோட்டோர மண். என் உயிரே போய்விட்டது.

"யாரும் நவுராதீங்க!" என்று கத்தினேன். நான்தான் கத்தினேன்.

டீக்கடையே நின்றுவிட்டது. லாரிக்காரர் ஒரு காலைத் தூக்கினவர் தூக்கினபடியே நின்றார். "ஆயா, கால வெக்கலாமா? ஒத்தக் கால்ல எம்மா நேரம் நிப்பேன்?" எங்கள் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மண்ணில் முட்டிபோட்டார். மேடம் புண்பட்ட காலோடு குனிந்து தேடினார். கிளீனர் ஒருவர் போனின் வெளிச்சத்தை அடித்தார். கிடைக்கவில்லை. அது இல்லாவிட்டால் ஒரு கொக்கி எழும்பாது. மூன்று கொக்கியில் இரண்டை நம்பி இந்த அம்மாவை அனுப்ப முடியுமா? முடியாது என்று மனதுக்குள் முடிவு பண்ணினேன். வீலை இங்கேயே போட்டு மிதித்து உடைத்தாலும் உடைப்பேன், அனுப்ப மாட்டேன்.

"அம்மா, அசையாதீங்க" என்றார் மேடம். என் புடவையின் ஓரத்தில் கிரீஸ் பட்ட இடத்தில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பிறகு எல்லாவற்றையும் பூட்டி, பேரிங் குண்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ் தொட்டு, உள்ளே தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வளையம் வெள்ளைக் குறிக்கு வந்து நிற்கும்வரை தட்டினேன். வீலை மாட்டி, வாஷர் பல்லை நானே இருமுறை பார்த்து, நட்டை அவரை இறுக்கச் சொன்னேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டதும் டிக் டிக் என்று ஓடியது. கூடியிருந்தவர்கள் அதைக் கேட்டு ஏதோ தேர் கிளம்பின மாதிரி சத்தம் போட்டார்கள். எனக்கு அது போதவில்லை.

"அம்மா, இங்கயே நின்னு மிதிச்சுப் பாருங்க. பத்து வாட்டி. ஏத்தமா இருக்கற எடத்துல."

மேடம் ஏறினார். செக்போஸ்டுக்குப் போகிற ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தார், திரும்பினார், கியர் மாற்றி மறுபடி மிதித்தார். ஒவ்வொரு தடவை அவர் எழுந்து நிற்கும்போதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். எட்டாவது தடவைக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. திரும்பி வந்து நின்று, இறங்காமலே கேட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. போகலாமா?"

அவர் எங்கள் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். இவ்வளவு வயதில் அப்படி ஒருவர் என்னைக் கேட்டதில்லை. போங்கள் என்று சொல்வதற்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

"போலாம்மா. ஆனா ஓரமாவே போங்க. மொத மேடு தாண்டினதும் எனக்கு ஒரு போன் போடுங்க."

என் நம்பரை நானே சொன்னேன். அவர் போனில் போட்டுக்கொண்டு கிளம்பினார். லாரிகளுக்கு நடுவில் அந்தத் தொப்பி தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது சுண்ணாம்புக்குளம் தாண்டினோம். அவர் மொபெட்டை ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"கிரீசு வெச்சத சொன்ன, சரி. வீலு கோத்ததயும் இன்னாத்துக்குச் சொன்ன?"

"அவங்க கேட்டாங்க."

"கேட்டா? பேச்சே வராதுன்னு இத்தினி வருசம் நெனச்சிகினு இருந்தேன்." கொஞ்ச தூரம் போனதும், "அந்த லாரிக்காரன் தோணிரேவுப் பக்கம் வந்தா என் மானம் போச்சு" என்றார். கோபமா சிரிப்பா என்று முதுகைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

போன் வரவில்லை. முதல் மேடு என்றால் அரை மணிகூட ஆகாது. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், போனை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். இரண்டு மணிக்கு மேல் வந்தது. மேடம்தான். மேட்டில் நிறுத்த இடமில்லை, போய்ச் சேர்ந்துதான் போனை எடுத்தேன் என்றார். பெடல் விடவே இல்லை என்றார். அதைத் திரும்ப ஒரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். போனை வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மேடம் இன்னும் தோணிரேவில்தான் இருக்கிறார். மாதம் ஒரு தரம் எண்ணெய் விட வருவார். படுதாவைத் தாண்டி உள்ளேயே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். உள்ளே என்ன இருக்கிறது, எதை ஏன் தொட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே பார்ப்போம். புதுச் சாமான் எது வந்தாலும் இப்போது நான் கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது முகம் சூடாகும், இருந்தாலும் கேட்கிறேன். அவர் முழங்காலில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் தழும்பு விழுந்துவிட்டது. அவர் வந்து உட்கார்ந்ததும் என் கண் முதலில் அங்கேதான் போகும். அவர் மடித்துவிட்ட பேண்டை இழுத்து மூடிக்கொள்வார். பிறகுதான் வீலைத் தொடுவேன்.